கொல்லைப்புறத்தில் ஒரு சிறு வனம்

கோடையில் வாளி வாளியாக வார்த்தும் கொல்லைச் செடிகள் வாடுகின்றனவென்றால், வனத்தின் சுபாவத்தை அனுசரித்து இவ்விதம் செய்யுங்கள்.

1. உதிர்ந்த சருகுகளைக் கொளுத்திவிடாமல் (அவை மண்ணுக்கு உரிய ஆகாரம்!), மரத்தடியில் நாலங்குல கனத்துக்குப் பரப்பி, அடிமரத்தைச் சுற்றி மாத்திரம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அப்போது வெயிலின் உக்கிரத்திலும் ஈரம் விரைவில் வற்றாது, பட்டையும் அழுகாது.

2. பாத்திரம் கழுவிய ஜலம் தேங்கும் மூலையில் வாழையும் சேம்பும் நடுங்கள். இரண்டும் ஈரத்தை விரும்புபவை.

3. வெயில் படுமிடத்தில் அகத்தி வளர்த்து, அதன்மேல் அவரைக்கொடியை ஏற்றிவிடுங்கள். இவற்றின் வேர்முடிச்சுகளில் வசிக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்து நிலத்தை வளப்படுத்தும்.

4. மரநிழலில் மஞ்சளும் இஞ்சியும் ஊன்றுங்கள். அவற்றுக்கு அரைநிழலே போதும்.