பாரத்தை இழுக்கும் டிராக்டர், பாரத்தை நிறுத்துமா?



கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் எங்கள் மல்லாங்கிணறு பக்கம் டிரெய்லர் சத்தம் ஓயாது. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று எந்தத் திசையில் போனாலும் இதே கதைதான். செவல் நிலத்துக்கும் மணல்சாரிக்கும் கண்மாய் வண்டல் போகும். கரிசலுக்குத் தொழுவுரமும் ஆட்டு எருவும் போகும். புரட்டாசி, ஐப்பசி விதைப்புக்கு முன்னால் இதையெல்லாம் நிலத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம்.

ஒன்றை யோசித்துப் பாருங்க. ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய்விடலாம். அதை வேண்டாம் என்று விட்ட நாம், அதற்குப் பதிலாக டன் கணக்கில் எருவும் வண்டலும் அள்ளுகிறோம். பாரம் சுமப்பது ரசாயன விவசாயியைவிட நமக்குத்தான் அதிகம். அப்படியிருக்க விதை, பூச்சிவிரட்டி, ஜீவாமிர்தம் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் டிரெய்லரைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் பார்த்ததையும் கடைப்பிடிப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

யூனிட் வேறு, டன் வேறு

நம்ம ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மெட்ரிக்கில் சொன்னால் 2.83 கன மீட்டர். பத்தடி நீளம், ஆறடி அகலமுள்ள பெட்டியில் ஒன்றே முக்கால் அடி உயரத்துக்கு ஏற்றினால் ஒரு யூனிட்டைத் தாண்டிவிடும். ஆனால் அந்த ஒரு யூனிட் எத்தனை டன் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இதற்கு எடைமேடை தேடி அலைய வேண்டாம். வீட்டில் 20 லிட்டர் பெயின்ட் வாளி இருக்கும். ஏற்றப்போகும் பொருளை அதில் நிரப்பித் தராசில் நிறுத்து, வாளியின் எடையைக் கழித்துவிடுங்க. வருகிற கிலோவை 50-ஆல் பெருக்கினால் அதுதான் ஒரு கன மீட்டரின் எடை. ஈரம் காயாத வண்டல் வாளிக்கு 30 கிலோ நின்றால் கன மீட்டருக்கு 1,500 கிலோ. ஒரு யூனிட் நாலேகால் டன்! நன்றாக மக்கி உலர்ந்த எரு வாளிக்கு 11 கிலோ நின்றால் ஒரு யூனிட் ஒன்றரை டன்தான். பெட்டி ஒன்றுதான், உயரமும் ஒன்றுதான், பாரமோ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நம்மிடம் ஓடும் இரண்டு சக்கர டிப்பர்களில் நிறைய 3 டன் தாங்கக்கூடியவை. எரு ஏற்றும் பழக்கத்தில் வண்டலையும் விளிம்பு வரை ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்க.

நான் செய்வது இதுதான். பெட்டியின் உள்பக்கத் தகரத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். பத்துக்கு ஆறு பெட்டியில் 14 அங்குல உயரம் என்றால் 70 கன அடி. மேலே சொன்ன ஈர வண்டல் அதில் ஏறக்குறைய 3 டன் நிற்கும். வண்டலுக்கு அந்தக் கோட்டோடு சரி. உங்கள் பெட்டியின் அளவுக்கும் உங்கள் மண்ணின் எடைக்கும் நீங்களே கணக்கிட்டுக் கோடு போடுங்க.

வண்டல் அனுமதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 2017-இல் செய்த திருத்தப்படி விவசாயத்துக்கு ஏக்கர் ஒன்றுக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர் அல்லது 25 டிராக்டர் லோடு, புஞ்சைக்கு 90 கன மீட்டர் அல்லது 30 லோடு இலவசமாக அள்ளலாம். 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தருகிறார். வகுத்துப் பாருங்க, ஒரு லோடு 3 கன மீட்டர் என்று ஆகிறது. ஈர வண்டலில் அது நாலரை டன். லோடுக் கணக்கில் மட்டும் அனுமதி வாங்கினால் ஒவ்வொரு நடையையும் முட்ட முட்ட ஏற்றத்தான் மனசு வரும். அதனால் அனுமதி கேட்கும்போதே கன மீட்டர் அளவைக் குறிப்பிட்டுக் கேளுங்க. 90 கன மீட்டரை 30 நடையில் கொண்டுவருவதைவிட 45 நடையில் கொண்டுவருவது நல்லது. டீசல் கொஞ்சம் கூடும். அச்சும் ஆளும் மிஞ்சும்.

மாடு சொல்லும், டிராக்டர் சொல்லாது

மாட்டு வண்டியில் பாரம் கூடினால் மாடு நின்றுவிடும். டிராக்டர் அப்படிச் சொல்லாது. நாலரை டன்னையும் தாழ்ந்த கியரில் இழுத்துவிடும். ஆனால் நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் அதன் வண்டவாளம் தெரியும். 45 குதிரைத்திறன் டிராக்டரின் எடை சுமார் 2 டன். டிரெய்லரின் சொந்த எடையும் வண்டலும் சேர்ந்தால் ஐந்தரை டன்னுக்கு மேல். நம்மிடம் ஓடும் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. டிராக்டருக்கும் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். ஆக, இரண்டு டன் வண்டியின் இரண்டு சக்கரங்கள் ஏழு, ஏழரை டன்னை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, டிராக்டரையே குறுக்கே மடக்கிவிடும்.

அதனால் சில பழக்கங்கள் வேண்டும்:

• தார் ரோட்டில் ஏறுமுன் இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் தாழ்ப்பாள் போட்டு இணையுங்க. வயலில் திருப்பத்துக்காகக் கழற்றிவிட்டதை அப்படியே மறந்து ரோட்டில் ஒரு பெடலை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழலும்.

• இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீங்க, கிளட்சையும் மிதிக்காதீங்க. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்க. கியரை இறக்கம் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். நடுவில் மாற்றப் போனால் சிக்காது.

• வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய விசை வேலை நாலு மடங்காகும். பாரத்தோடு வரும்போது 15, 20 கிலோமீட்டர் வேகம் போதும்.

முன்பாரம், பின்பாரம்

இது நம் தாத்தாமார் மாட்டு வண்டியில் கற்றுத்தந்த பாடம். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கியை மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் லேசாகிவிடும். பிரேக் இருப்பதே அந்தச் சக்கரத்தில்தானே! அதனால் பாரம் அச்சின்மேல், சற்று முன்னால் தள்ளி இருக்கட்டும். அதற்காக எல்லாவற்றையும் முன்னால் குவித்தாலும் கொக்கி வளையும், முன்சக்கரம் தூக்கும், ஸ்டியரிங் பேசாது.

ஜீவாமிர்தம், மீன் அமிலம் கொண்டு போகிறவர்களுக்கு இன்னொன்று. 200 லிட்டர் பீப்பாயை நிரப்பிக் கயிற்றால் கட்டிக் கொண்டு போங்க, அல்லது காலியாகக் கொண்டு போய் அங்கே கரையுங்க. பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைந்து திருப்பத்தில் பெட்டியையே சாய்க்கும்.

கொக்கி, பின், கை

டிரெய்லர் மாட்டும்போதுதான் கை போகும். டிரைவர் ரிவர்ஸ் எடுக்க, உதவியாள் நடுவில் நின்று பின்னைப் பிடித்துக்கொண்டு "வா, வா" என்று கூப்பிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. இதை இன்றோடு நிறுத்துங்க. வண்டி பின்னால் வரும்போது ஆள் பக்கவாட்டில், டிரைவர் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டி நின்று, நியூட்ரலில் வந்து, கைப்பிரேக் போட்ட பிறகுதான் நடுவில் போக வேண்டும். வளையம் நேராக வரவில்லையா, கடப்பாரையால் நெம்புங்க. விரலை விட்டுப் பார்க்காதீங்க.

பின்னுக்குப் பதில் கிடைத்த போல்ட்டைச் சொருகுவது இன்னொரு கெட்ட பழக்கம். எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் கரை ஏறும்போது அப்படிச் சொருகிய போல்ட் அறுந்தது. வண்டலோடு டிரெய்லர் பின்னால் உருண்டது. பின்னால் நடந்து வந்தவர் துள்ளி விலகியதால் பிழைத்தார். அளவான பின், அது நழுவாமல் அடியில் கிளிப், இரண்டுக்கும் துணையாக டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஒரு சங்கிலி. இந்த மூன்றும் இல்லாமல் வண்டியை நகர்த்த வேண்டாம். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்குக் கிளிப் அப்படி.

இழுவை எப்போதும் பின் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியிலிருந்துதான் இருக்க வேண்டும். சிக்கிய டிரெய்லரை இழுக்க அச்சுக்கு மேலே சங்கிலி கட்டினால் முன்சக்கரம் தூக்கும். டிராக்டர் பின்பக்கமாக மல்லாக்க ஒன்றிரண்டு நொடி போதும், குதிக்க நேரம் இருக்காது. ஸ்வீடனில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் அது இருப்பது அபூர்வம். அதனால் நம் கவனம்தான் நமக்குச் சட்டம்.

கரையும் கரிசலும்

கண்மாய்க்குள்ளிருந்து கரை ஏறும் பாதையைச் சரிவாக, அகலமாக அமைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்க. ஏற்றத்தில் வண்டிக்குப் பின்னால் யாரும் நடக்கக் கூடாது. கிளட்சை வெடுக்கென்று விடக் கூடாது. கரிசல் ரோட்டோரம் மழைக்குப் பின் மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும். எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டாமல், கெட்டியான இடத்தில் முன்னதாகவே நின்று வழிவிடுங்க.

ஈரக் கரிசலுக்குள் பாரத்தோடு டிரெய்லரை இறக்காதீங்க. வண்டி சிக்குவது ஒரு பக்கம். ஏர் எட்டாத ஆழத்தில் மண் இறுகி, வேரும் தண்ணீரும் இறங்க வழியில்லாமல் போவது இன்னொரு பக்கம். மண்ணை வளப்படுத்தக் கொண்டுபோன வண்டியே மண்ணைக் கெடுத்துவிடும்.

டிப்பரைத் தூக்கும்போது தரை சமமாக இருக்கட்டும். ஈர வண்டல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் சரிந்தால் பெட்டி சாயும். மேலே மின்கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்க. சோளத்தட்டை பாரத்துக்கும் இதே எச்சரிக்கை.

ஆள் ஏற்றும் வண்டி இல்லை

களையெடுக்கப் போகும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிப் போவது நமக்கு உதவி போலத் தெரியும். 2022 அக்டோபர் 1-இல் உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களோடு டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். பிடிக்கக் கம்பி கிடையாது, கவிழ்ந்தால் பெட்டியே மேலே விழும்.

காப்பீடும் கைகொடுக்காது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிய டிரெய்லரில் போன தொழிலாளியின் வழக்கில், டிரெய்லருக்குக் காப்பீடு இல்லாததால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொகையை முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிட்டது. நஷ்டம் கடைசியில் நம் நிலத்தின் மேல்தான் வந்து நிற்கும். கூலிக்கு வருகிறவர்களுக்கு ஆட்டோச் செலவு கொடுங்க. டிராக்டரின் மட்கார்டிலும் யாரையும் உட்கார வைக்காதீங்க.

பராமரிப்பு

தினமும், கிளம்புமுன்: பின், கிளிப், சங்கிலி, சக்கர நட்டு, டயர்க் காற்று, பின்விளக்கு.

நடை முடிந்ததும்: சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்க. ஒன்று மட்டும் சுட்டால் அதன் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அல்லது இறுக்கம் அதிகம்.

வாரம் ஒருமுறை: கொக்கி வளையம் தேய்ந்திருக்கிறதா, கழுத்துப் பகுதி வெல்டிங்கில் முடி போல விரிசல் ஓடுகிறதா, பட்டை வில்லைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்ததா, ஹைட்ராலிக் குழாய் கசிகிறதா என்று பாருங்க. தூக்கிய பெட்டிக்கு அடியில் வேலை என்றால் உறுதியான முட்டுக் கொடுக்காமல் போகக் கூடாது, ஜாக்கியை நம்பாதீங்க.

எரு ஏற்றிய அன்றே பெட்டியைக் கழுவிவிடுங்க. சாணமும் மூத்திரமும் தகரத்தை அரித்துவிடும். லாரியில் ஓடி வழுக்கையான டயரை வாங்கிப் போடுவது மிச்சம் இல்லை. பின்னால் சிவப்பு எதிரொளிப்பு ஒட்டுங்க. மதுரை–தூத்துக்குடி நாலுவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு, விளக்கில்லாத டிரெய்லர் கண்ணில் படுவதற்குள் காலம் கடந்துவிடும்.

வாடகைக்கு டிரெய்லர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடைக்கு இவ்வளவு என்று பேசினால் டிரைவர் ஓட்டமாக ஓடுவார், நீங்களும் "இன்னும் ரெண்டு கூடை போடப்பா" என்பீங்க. நாளுக்கோ மணிக்கோ வாடகை பேசி, கோட்டுக்கு மேலே ஏற்ற வேண்டாம் என்று வேலை தொடங்குமுன் நீங்களே டிரைவரிடம் சொல்லிவிடுங்க. அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை, நிலத்துக்காரரான நீங்கள்தான்.