ஊசி போட்ட தோளும் நட்டஈட்டுக் கணக்கும்

ஊசி போட்ட கை இரண்டொரு நாள் வலிப்பது வழமை. மூன்று மாதமாகியும் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை என்றால் அது வேறு விஷயம். "மருந்துதான் தோளைக் கெடுத்துவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் பழி மருந்துக்குரியதல்ல, ஊசி இறங்கிய இடத்துக்குரியது. மேற்கைத் தசையில் போடவேண்டியதை மிக மேலே போட்டால், மருந்து தோள்மூட்டை ஒட்டிய திரவப்பைக்குள் போய் அழற்சியை உண்டாக்கலாம். அந்த வலி பொதுவாக 48 மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும்.

"அமெரிக்காவில் காசு கொடுக்கிறார்களே, இங்கேயும் கேட்கலாம்" என்பது அடுத்த நம்பிக்கை. அங்கே கொடுப்பது உண்மைதான். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தடுப்பூசிகள் மீது வரி வசூலித்து நிதியம் வைத்திருக்கிறார்கள். 2017 முதல் தோள் காயமும் அதன் அட்டவணையில் உண்டு. யாருடைய பிழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

இலங்கையில் அப்படியொரு நிதியம் கிடையாது.

மாத்தளையிலோ தம்புள்ளையிலோ வழக்குப் போடுபவர் கவனயீனத்தையும், அதனால்தான் காயம் வந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். இரண்டாவதுதான் கல்லில் நார் உரிக்கும் வேலை. பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான புகழ்பெற்ற வழக்கில், மூளைக்கட்டியால் இறந்த சிறுமியின் தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கத் தீர்ப்பளித்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: நோயைக் கண்டறியாததே மரணத்துக்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை. தோள் வழக்கிலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது, ஊசிக்கு முன்பே வலி இருந்ததா என்பதுதான். கொழுந்துக்கூடை சுமந்த தோள் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

"ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்பதும் தவறு. இத்தகைய வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டு. ஊசி போட்டது அரச கிளினிக் என்றால், வழக்குத் தாக்கல் செய்வதற்கு ஒரு மாதம் முன்னதாகச் சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். மருத்துவ சபைக்கு முறைப்பாடு அனுப்பினால் பணம் வரும் என்பவர்களும் உண்டு; சபை ஒழுக்காற்று விசாரணை நடத்தும், நட்டஈடு தராது.

எனவே வலி விடாதபோதே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி, தடுப்பூசிக்குப் பிந்திய பாதிப்பாகப் பதியச் செய்வது நல்லது. தடுப்பூசி அட்டை, மருந்தின் தொகுதி இலக்கம், வலி தொடங்கிய திகதி, ஸ்கேன் அறிக்கை எல்லாம் கையிலிருக்கட்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வருமானத்தைப் பார்த்தே உதவுவார்கள்.