சுடுதண்ணி ஏன் நூலா வந்துச்சு?

தோழிகளே, எங்க வீட்டில் புதுசா கேஸ் கீசர் மாட்டினோம். வெந்நீர் நூல் மாதிரிதான் வந்தது. "விறகு அடுப்பே தேவலை"ன்னு பாட்டி சொல்லிட்டாங்க. அப்பா முகம் வாடிவிட்டது.

நான் 15 லிட்டர் வாளி வைத்துப் பார்த்தேன். பச்சைத்தண்ணி நிறைய 2 நிமிடம்; வெந்நீருக்கு 6 நிமிடம். தொட்டி ஒன்றுதான். தொட்டியின் உயரம் 1 மீட்டர் கூடினால் நீரின் அழுத்தம் சுமார் 9.8 கிலோபாஸ்கல் கூடும். உயரம் குறைவு என்றால் இரண்டு குழாயுமே மெதுவாகத்தானே வரணும்? ஆகவே கீசர் வழியில்தான் அடைப்பு!

அப்பா கேஸையும் தண்ணீர் வால்வையும் மூடிவிட்டு, கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்துச் சல்லடையைக் கழற்றினார். குழாய் அறுத்த பிளாஸ்டிக் தூள், மணல்! கழுவி மாட்டியதும் 3 நிமிடத்தில் வாளி நிறைந்தது.

எச்சரிக்கை: காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். எங்களுடையது வெளிச்சுவரில் இருக்கு.

இப்போ முதல் வாளி பாட்டிக்குத்தான்!

– 9ஆம் வகுப்பு மாணவி