ஏலம் போன சிம்மாசனம்

கேள்வி: ரோமாபுரியின் சிம்மாசனத்தை ஒரு சமயம் ஏலம் விட்டார்களாமே, மெய்தானா?

பதில்: மெய்தான். கி.பி. 193 மார்ச் 28ஆம் தேதி, படையில் ஒழுங்கை நிலைநாட்ட முயன்ற பெர்ட்டினாக்ஸ் சக்கரவர்த்தியை வெட்டிக் கொன்ற மெய்க்காவற் படையினர், அதிகம் கொடுப்பவருக்கே அரசுரிமை என்று துணிந்து பேரம் பேசினார்கள். பாளையத்தினுள் இருந்து மாண்டவரின் மாமனார் சுல்பிசியானுஸும், வாயிலுக்கு வெளியே நின்று தனவந்தரான டிடியுஸ் ஜூலியானுஸும் போட்டியிட, வீரன் ஒருவனுக்கு 20,000 செஸ்டர்ஸ் நாணயங்கள் வரை ஏறிய தொகையை, ஜூலியானுஸ் உரக்கக் கூவியும் விரல்களால் ஜாடை காட்டியும் ஒரேயடியாக 25,000 ஆக்கிப் பட்டத்தைப் பெற்றுக்கொண்டார்.

எல்லைப்புறச் சேனைகள் இந்த வியாபாரத்தை அங்கீகரிக்கவில்லை. சிரியாவில் நீகர் என்ற தளபதியும் டான்யூப் பிரதேசத்தில் செவெருஸ் என்ற தளபதியும் சக்கரவர்த்திகளாகப் பிரகடனம் செய்யப்பட்டனர். செவெருஸ் ரோமாபுரியை நெருங்கியதும், செனட் சபையே மரண தண்டனை விதிக்க, 66 நாள் ஆண்ட ஜூலியானுஸ் அரண்மனையிலேயே கொல்லப்பட்டார். ஏலம் விட்ட படையைக் கலைத்த செவெருஸ், 194இல் நீகரையும், முதலில் இளவரசுப் பட்டம் தந்து சமாதானப்படுத்தி வைத்திருந்த பிரிட்டன் அதிபதி அல்பினுஸையும் 197இல் லுக்டூனம் நகரில் முறியடித்தார்.

பட்டத்துக்கு வருபவர் யார் என்பதைத் தர்மமும் சட்டமும் தீர்மானிக்காத ராஜ்யத்தில், அதை வாளும் பொற்கிழியும் தீர்மானித்தே தீரும். அதற்குரிய விலையைக் கொடுப்பவர்களோ குடிமக்கள்.