இரண்டாம் முறையும் பல்லுக்குக் கிளிப் போட வேண்டுமா?



சென்ற மாதம் நமது மருத்துவ உதவிப் பிரிவுக்கு நமதூரைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும் வந்திருந்தார்கள். மகளுக்கு வயது 23. படிப்பை முடித்து வேலைக்குச் செல்கிறார். வாப்பா சவூதியில் இருந்த காலத்தில், 14 வயதில் பல்லுக்குக் கிளிப் போட்டு, ஏறத்தாழ இரண்டு வருடம் வைத்திருந்து கழற்றியிருக்கிறார்கள். இப்போது கீழ்வரிசை முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கிவிட்டன. மேலே ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கிறது.

"ஒரு இடத்துலேர்ந்து பெண் கேட்டு வர்றாங்க காக்கா. அதுக்குள்ள சரி பண்ணிடணும்" என்பது தாயின் அவசரம். "அப்பவே அவ்வளவு செலவு. வாப்பா இப்ப ஊரோட வந்துட்டாங்க. நான் ஒழுங்கா பார்த்துக்காததுக்கு இன்னொரு தடவை யாரும் பணம் தர வேணாம்" என்பது மகளின் தயக்கம்.

இதே கேள்வியோடு இன்னும் சில குடும்பங்களும் நம்மிடம் வந்திருப்பதால், நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சகோதரியின் குற்ற உணர்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் என்பது சுவரில் அடித்த ஆணி அல்ல. எலும்புக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய நார்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கம்பியின் அழுத்தத்தால் பல் நகரும்போது ஒரு பக்கம் எலும்பு கரைந்து, மறுபக்கம் புதிதாக வளர்கிறது. கம்பியைக் கழற்றிய பிறகு எலும்பு உறுதிப்படச் சில மாதங்கள் ஆகும். ஈறிலுள்ள நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கழற்றிக் கொடுக்கும்போது ரீட்டெய்னர் தருகிறார்கள்.

அதன் பிறகும் கீழ் முன்பற்கள் வயது ஏற ஏற நெருங்கிக்கொண்டுதான் வரும். கிளிப்பே போடாதவர்களுக்கும் இது நடக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் என்பவரும் அவருடைய குழுவினரும், பல் எடுத்துக் கிளிப் போட்ட 65 பேரை, ரீட்டெய்னரை நிறுத்திப் பத்து வருடங்கள் கழித்துப் பரிசோதித்து 1981இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ்வரிசை திருப்தியாக இல்லை. ஆகவே பல் திரும்புவது அந்தப் பிள்ளைக்கு மட்டும் நேர்ந்த அவமானம் அல்ல. அவருடைய ரீட்டெய்னர் ஹாஸ்டலில் தொலைந்துபோனது. மறுபடி செய்யச் சொல்ல வீட்டில் பயம். அவ்வளவுதான் நடந்தது. கடைசிப் பல் முளைத்து முன்னே தள்ளியதுதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். இந்த ஒரே காரணத்துக்காகக் கடைசிப் பல்லைப் பிடுங்குவதை இன்றைய மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை.

இந்த விஷயத்தில் தவறு நம்மிடமும் இருந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவருக்குக் கிளிப் போட உதவினோம். கம்பி, மாதாமாத இறுக்கல் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட நாம், ரீட்டெய்னருக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. அது வேறு செலவு என்று அந்தக் குடும்பத்துக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அடுத்த வருடமே பற்கள் திரும்பிவிட்டன. கொடுத்த தொகையில் பெரும்பகுதி வீணானது.

இனி, மறுபடி போடலாமா என்ற கேள்விக்கு வருவோம். பல் நகர்ந்திருப்பது ஏன் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ரீட்டெய்னர் போடாததால் நகர்ந்திருந்தால் அது ஒரு விஷயம். ஈறு நோயால் எலும்பு தேய்ந்து நகர்ந்திருந்தால் முற்றிலும் வேறு விஷயம். பல் துலக்கும்போது ரத்தம் வருவது, பல் ஆடுவது, மேல் முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுவது, வாய் நாற்றம் இவையெல்லாம் ஈறு நோயின் அடையாளங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் புகையிலை, பான் பழக்கம் உள்ளவர்களும் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். ஈறு குணமாகாத வாயில் கம்பியை மாட்டி இழுத்தால் இருக்கும் எலும்பும் போய்விடும். முன்பு பிடுங்கிய ஒரு கடைவாய்ப் பல்லின் இடம் காலியாகக் கிடப்பதாலோ, விழுங்கும்போது நாக்கு முன்பற்களைத் தள்ளும் பழக்கத்தாலோ பல் நகர்ந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் மறுபடி கிளிப் போட்டால் மறுபடியும் திரும்பும்.

அடுத்தது வேர். கிளிப் போடும் ஏறத்தாழ எல்லோருக்கும் பல் வேரின் நுனி சிறிதளவு கரைகிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவு இல்லை. சிலருக்கு அதிகமாகக் கரையும். ஏற்கெனவே ஒரு தடவை போட்டவருக்கு வேர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் இரண்டாம் முறை தொடங்கக் கூடாது. பழைய எக்ஸ்ரேயும் பழைய பல் அச்சும் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாமல் எடுத்துச் செல்லுங்கள்.

பி.டி.எஸ். முடித்த பிறகு மூன்று வருடம் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரிடமே காட்டுவது நல்லது. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவு பெருமளவு குறையும். வீட்டிலேயே அச்செடுத்து அனுப்பினால் அலைனர் தபாலில் வரும் என்ற விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் இப்படி நடந்துவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள்.

"அல்லாஹ் படைத்ததை மாற்றுவது ஆகாதே?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவது ஹதீஸில் கண்டிக்கப்பட்டிருப்பது உண்மை. கோணலான பல்லால் மெல்லுவதற்கோ சுத்தம் செய்வதற்கோ சிரமம் இருந்தாலும், பார்க்க மனம் குன்றும் அளவுக்குக் குறை இருந்தாலும் சீர் செய்வது அதில் சேராது என்றே உலமாக்கள் பலரும் விளக்கம் சொல்கிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா என்ற ஸஹாபிக்குத் தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்ததை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஓரிரு மில்லிமீட்டர் திருப்பத்தைக் குறை என்று எண்ணுவதா என்பது தனிக் கேள்வி. சந்தேகமிருப்பவர்கள் நமது பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாயின் அவசரத்துக்கும் ஒரு பதில் உண்டு. சிறிய திருப்பம் என்றாலும் சில மாதங்கள் தேவை. அதன் பிறகு ரீட்டெய்னரை முதல் சில மாதங்கள் சாப்பிடும் நேரம் தவிர முழுநேரமும் போட வேண்டும். பிறகு இரவில் மட்டும், எத்தனை வருடமானாலும். பெண் பார்க்க வரும் தேதிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று வேகமாக இழுக்கச் சொன்னால் வேருக்குத்தான் கேடு. பல்லைப் பார்த்து முடிவு செய்யும் வீடாக இருந்தால் அதைப் பற்றித் தாய் வேறு விதமாக யோசிக்கலாம் என்பது எங்கள் கருத்து. மருத்துவத்தில் சேராத பேச்சு என்றாலும் சொல்லிவிட்டோம்.

மறுபடி கம்பி போடுகிறவர்கள் எலும்பைக் கடிப்பது, முறுக்கு, பொரி உருண்டை, முழுக் கொய்யா எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். வட்டிலப்பத்துக்குத் தடையில்லை. நோன்பு மாதத்தில் கம்பி இறுக்கும் நாளை நோன்பு திறந்த பிறகு மாலையில் வைத்துக்கொண்டால் தண்ணீர் தொண்டைக்குள் போகும் கவலை இல்லை. இறுக்கிய பின் இரண்டு மூன்று நாள் வலி இருக்கும். ஸஹருக்குப் பின் கம்பிக்கு நடுவே சிறு பிரஷ்ஷால் துலக்காமல் படுக்கக் கூடாது. கழற்றக்கூடிய ரீட்டெய்னர் என்றால் ஒளு, குளிப்பின்போது கழற்றி வாய் கொப்பளித்துவிடலாம். அதை வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும்.

பழைய ரீட்டெய்னர் வைத்திருப்பவர்கள், சற்று இறுக்கமாகவேனும் பொருந்தினால் இன்றிரவே மறுபடி போடத் தொடங்குங்கள். பொருந்தாவிட்டால் அழுத்தித் திணிக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தச் சகோதரியைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினோம். வேர்கள் நன்றாக இருக்கின்றன. ஈறில் லேசான வீக்கம் இருந்ததால் முதலில் சுத்தம் செய்திருக்கிறார்கள். கீழ்வரிசை நெருக்கத்தில் அழுக்கு தங்குவதால் அதற்கு மட்டும் குறுகிய கால சிகிச்சை, முடிந்ததும் பல்லின் பின்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பி என்று முடிவாகியிருக்கிறது. மேல் பல்லை அப்படியே விட்டுவிடுவதாக அவரே சொல்லிவிட்டார். பாதிச் செலவைத் தம் சம்பளத்திலிருந்து தருகிறார். மீதியை ஜகாத் நிதியிலிருந்து எடுக்காமல் பொது உதவி நிதியிலிருந்து தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். இந்த முறை கணக்கில் ரீட்டெய்னரும், அது தொலைந்தால் மாற்றாக இன்னொன்றும் சேர்த்தே எழுதியிருக்கிறது.