போத்தெவின் பெயர் தாங்கும் இடங்கள்

கேள்வி: பல்கேரியக் கால்பந்து அணிகள் சிலவற்றின் பெயரில் வரும் ‘போத்தெவ்’ என்பது ஊரா, ஆளா?

பதில்: ஆளின் பெயர்தான். 1848-இல் கலோபெர் என்னும் சிற்றூரில் பிறந்த ஹிரிஸ்தோ போத்தெவ், ருமேனியாவில் இதழாளராக வாழ்ந்து, 1876-இல் தான்யூப் ஆற்றில் சென்ற ‘ராதெத்ஸ்கி’ என்ற பயணிகள் கப்பலைத் தோழர்களுடன் கைப்பற்றிக் கரையிறங்கி, அன்று பல்கேரியாவை ஆண்ட ஒட்டமான் துருக்கியரை எதிர்த்துப் போரிட்டு, வ்ராத்சா நகரையடுத்த மலையில் 28 வயதில் குண்டடிபட்டு இறந்தவர். எழுதிய கவிதைகள் ஏறத்தாழ இருபதுதான் என்றாலும், அந்நாட்டின் முதன்மைக் கவிஞர் வரிசையில் அவருக்கு இடமுண்டு.

பெயர் சூட்டல்களில் மிகப் பொருத்தமானது மலைச்சிகரமே எனலாம். பால்கன் மலைத்தொடரில் மிக உயர்ந்ததும் (2,376 மீட்டர்) கலோபெர் வட்டாரத்துக்கு மேலே நிற்பதுமான யும்ருக்சால் சிகரம், 1950-இல் போத்தெவ் சிகரமாயிற்று. அதற்கு முன்பே, 1934-இல், ஒர்ஹானியே என்று துருக்கிய ஆட்சிக்காலத்தில் பெயர் பெற்ற நகரம் போத்தெவ்கிராத் என மாற்றப்பட்டது. அதாவது, அவர் எதிர்த்த ஆட்சியின் அடையாளத்தை நீக்கிய இடத்தில் அவரது பெயர் வைக்கப்பட்டது.

1912-இல் தோன்றிய ப்ளோவ்திவ் அணியும் வ்ராத்சா அணியும் அவர் பெயரில் ஆடுகின்றன. பல்கேரிய தேசிய வானொலியின் பண்பாட்டு அலைவரிசைக்கும் அதுவே பெயர். அண்டார்க்டிகாவில், பல்கேரிய ஆய்வுத்தளம் அமைந்துள்ள லிவிங்ஸ்டன் தீவின் தென்கோடி முனையும் ‘போத்தெவ் முனை’ என்றே வரைபடங்களில் குறிக்கப்படுகிறது.