மார்பகப் புற்றுநோய்: திசுச் சோதனையும் சிகிச்சைத் திட்டமும்

2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்றும், சுமார் 98,000 பேர் அதனால் உயிரிழந்தனர் என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. பெயர் ஒன்றாயினும் இவர்கள் அனைவருக்கும் வந்தது ஒரே தன்மையுள்ள நோயன்று. இவ்வேறுபாட்டை அறிய உதவுவனவே திசுக் குறியீடுகள்.

இரு கேள்விகள்

திசுக் குறியீடுகள் இரு கேள்விகளுக்கு விடை தருகின்றன. நோய் எவ்வாறு முற்றும் என்பது முதலாவது; எந்த மருந்து பயன் தரும் என்பது இரண்டாவது. கட்டியின் அளவும், அக்குள் நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியுள்ளதா என்பதும் முதற் கேள்விக்கே பெரிதும் உதவும். இரண்டாவதற்குத் திசுவையே சோதித்தாக வேண்டும்.

சினைப்பைகளை அகற்றியபின் மார்பகக் கட்டி சுருங்கியதைக் கிளாஸ்கோ நகர மருத்துவர் ஜார்ஜ் பீட்சன் 1896இல் வெளியிட்டார். அதன் காரணம் பின்னரே விளங்கியது. சில கட்டிகளின் உயிரணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ளன. அந்த ஹார்மோனைக் கொண்டே அவை வளர்கின்றன. இத்தகைய நோயாளிகள் அறுவைக்குப்பின் ஐந்தாண்டுகள் டமாக்ஸிஃபென் மாத்திரை உட்கொண்டால், இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்கு இம்மாத்திரையால் பயனில்லை.

ஹெர்-2 என்னும் புரதத்தின் வரலாறும் கருதத்தக்கது. அது மிகுந்துள்ள கட்டிகள் விரைந்து பரவுவன என்பது 1987இல் வெளியான ஆய்வால் புலப்பட்டது. அப்புரதத்தையே தாக்கும் டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தீய நிமித்தமாக இருந்த குறியீடு, அதன்பின் சிகிச்சைக்கு வழிகாட்டியாயிற்று. இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இம்மருந்து 2015இல் சேர்க்கப்பட்டது.

பிழை நேரும் இடம்

சோதனையின் நம்பகத்தன்மை ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதன்று. அறுவைக் கூடத்திலேயே தொடங்குகிறது. அகற்றிய திசுவை ஒரு மணி நேரத்திற்குள், நடுநிலைப்படுத்திய 10 சதவீத ஃபார்மலினில் இடவேண்டும். ஆறு மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் அதில் வைத்திருத்தல் வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் எடுத்த திசு, தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல நேருங்கால் இவ்விதி எளிதில் தவறிவிடுகிறது. தாமதத்தால் ஏற்பிகள் சிதைந்துவிடின், உள்ளதும் இல்லையென அறிக்கை வரும்.

அப்பிழையின் விலை பெரிது. மலிவான மாத்திரையால் பிழைக்கக்கூடிய பெண் அதனை இழக்கிறாள். மாறாக, ஹெர்-2 இல்லாதவருக்கு உண்டெனத் தவறாகக் கூறினால், விலையுயர்ந்த மருந்து வீணாவதுடன் இதயத்திற்கும் ஊறு நேரக்கூடும்.

செய்யத்தக்கவை

2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக் காப்பீடு வழங்குகிறது. மருந்துக்குச் செலவிடும் அரசு, அம்மருந்தைத் தேர்வு செய்யும் சோதனையின் தரத்தையும் பேணுதல் முறை. திசு அகற்றிய நேரத்தையும் ஃபார்மலினில் இட்ட நேரத்தையும் படிவத்தில் குறித்தல், தரமான ஃபார்மலின் வழங்குதல், திசுவைக் காலந்தாழ்த்தாது அனுப்புதல் ஆகியவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. ஆயினும், பின்னர் வரும் சிகிச்சை முழுவதும் இச்சிறு ஒழுங்கையே அடிப்படையாகக் கொண்டுள்ளது.